சூப்பர் சார்ஜர் சத்தம் போடுதோ? கழட்ட முதல் இதை ஒருக்கா பாருங்கோ

எங்கட வன்னிப் பக்கம் சூப்பர் சார்ஜர், அதாவது பெல்ட்டால சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தை அமத்தித் தள்ளுற சாமான், போட்ட வாகனம் எண்டா விரல் விட்டு எண்ணலாம். ஆனா இப்ப கொஞ்சக் காலமா வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிற ஆக்களும், கொழும்பில பழைய கொம்பிரசர் பென்ஸ் மலிவா எடுத்துக்கொண்டு கிளிநொச்சி முல்லைத்தீவு எண்டு ஓடித் திரியிற பெடியளும் ஒரே கேள்வியைத்தான் கேக்கினம், "அண்ணை சத்தம் வருது, பெயரிங் மாத்தினா சரியாகுமோ?" எண்டு. பெயரிங்தான் பிழை எண்டா சரியாகும், வேற ஏதும் எண்டா புதுப் பெயரிங்கோட அதே சத்தம் வரும், அவ்வளவுதான். அதால என்ன சத்தம், எப்ப வருது எண்டு பாத்து அதுக்கேத்த மாதிரி கீழ எழுதியிருக்கிறன். உங்கட வாகனத்தில எது நடக்குதோ அந்தத் தலைப்புக்குப் போங்கோ, ஆனா அடுத்த மூண்டு பந்தியையும் எல்லாரும் வாசிச்சுப் போட்டுப் போங்கோ.

எங்கட கைக்கு வாறது அநேகமா ஈட்டன் கம்பனியின்ர ரூட்ஸ் வகை. 2002 இல இருந்து 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ்ஸில எம்45, 90களின்ர கடைசியில வந்த பென்ஸ் கொம்பிரசருகளில எம்62. அந்த 45, 62 எண்டுறது ஒரு சுத்துக்கு எத்தினை கன இஞ்சி காத்துத் தள்ளும் எண்டுற கணக்கு, எம்62 ஒரு சுத்துக்கு ஒரு லீட்டர் சொச்சம் தள்ளும். உள்ளுக்கு மூண்டு இதழ் உள்ள முறுக்கின றோட்டர் ரெண்டு ஓடும், ஒண்டோட ஒண்டு முட்டாது, சுவரிலயும் முட்டாது, மயிரிழை இடைவெளிதான். அந்த இடைவெளியைக் காப்பாத்திறது முன்னுக்கு இருக்கிற ரெண்டு டைமிங் கியரும் பெயரிங்குகளும். 1860 இல அமெரிக்காவில ரூட்ஸ் எண்ட அண்ணன் தம்பி ரெண்டு பேர் காப்புரிமை எடுத்த சாமான் இது, கார் எண்ட ஒண்டு வர முதலே வந்தது, இரும்பு உருக்கிற உலைக்குக் காத்து அடிக்கப் பாவிச்சவங்கள், அதால ஒழுங்கா வைச்சிருந்தா லேசில சாகாது.

பெயரிங் இருக்கிறது மூண்டு இடத்தில. மூக்குக்குள்ள, அதாவது புல்லி பூட்டுற நீண்ட குழாய்க்குள்ள, ஷாஃப்டைத் தாங்க ரெண்டு. அதுக்குப் பின்னால கியருக்குப் பக்கத்தில இருக்கிற தட்டில றோட்டருக்கு முன் பெயரிங். கடைசியா பின் சுவரில றோட்டர் வாலைத் தாங்கிற ஊசிப் பெயரிங் ரெண்டு. மூக்கும் கியரும் ஓடுறது சார்ஜருக்கெண்டு தனியா இருக்கிற ஒயிலில, எஞ்சின் ஒயில் அங்க போறதே இல்லை. பின்னால ஊசிப் பெயரிங்குக்கு வெறும் கிறீஸ்தான், அது காஞ்சா வெளியில ஒண்டும் தெரியாது.

சரி, எந்தச் சத்தம் எண்டாலும் முதல் வேலை பெல்ட்டைக் கழட்டிப் போட்டு எஞ்சினை ஒரு அரை நிமிசம் ஐடிலிங்கில விடுறது. தண்ணிப் பம்பும் அதே பெல்ட்டில ஓடுது எண்டாலோ, சார்ஜருக்குப் பின்னால இருக்கு எண்டாலோ அதுக்கு மேல விடாதேங்கோ. சத்தம் அப்பவும் கேட்டா சார்ஜரில கை வைக்கத் தேவையில்லை. நிண்டுட்டுது எண்டா பெல்ட் சுத்துற எல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கையால சுத்திப் பாருங்கோ, டென்சனர், ஐட்லர், ஓல்ட்டனேற்றர், எல்லாம். எனக்கு வாறதில கன வாகனத்துக்கு ஐட்லர் புல்லியின்ர பெயரிங்தான் போயிருக்கும், சின்னச் சாமான், கால் மணித்தியால வேலை. சார்ஜர் புல்லியைச் சுத்தேக்க பட்டுப் போல ஓடோணும். நற நற எண்டு கைக்குத் தெரிஞ்சா, இல்லாட்டி மேலயும் கீழயும் ஆட்டேக்க கொஞ்சமும் ஆட்டம் இருந்தா, அப்ப வாங்கோ உள்ளுக்குப் போவம்.

ஐடிலிங்கில கட கட எண்டுது, றேஸ் பண்ணினா நிக்குது

பால்மா டின்னுக்குள்ள ரெண்டு கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், கியர் போட்டு இழுக்கேக்க இல்லை, சிக்னலில நிக்கேக்க வருது. இது பெயரிங் இல்லை, கப்ளர். மூக்கு ஷாஃப்டுக்கும் கியருக்கும் இடையில பிளாஸ்டிக் தட்டு ஒண்டு இருக்கு, அதின்ர ஓட்டைகளுக்குள்ள ரெண்டு பக்கத்தில இருந்தும் ஊசிகள் வந்து இறங்கும். ஓட்டை தேஞ்சு நீள்வட்டமாப் போனா ஊசி அதுக்குள்ள ஆடும். எஞ்சின் ஐடிலிங்கில ஒரே சீரா சுத்தாது, அதால அடிக்கும். வேகம் கூடினா ஒரு பக்கமா அமத்திக் கொண்டு ஓடும், சத்தம் இல்லை.

மூக்கைக் கழட்டி கப்ளரை மாத்தினாச் சரி, புல்லியை இழுக்கவும் தேவையில்லை. லேத்தில கெட்டியா ஒண்டு கடைஞ்சு தரட்டோ எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், வேண்டாம். அது கொஞ்சம் மெத்தெண்டு இருக்கிறதே அடியை வாங்கத்தான், இரும்பில போட்டா அந்த அடி நேர கியருக்குப் போகும்.

றேஸுக்கு ஏற ஏற ஊளைச் சத்தமும் கூடுது

ரூட்ஸ் சார்ஜருக்கு எண்டு இயல்பா ஒரு ஊளை இருக்கு, அதைக் கேட்டுப் பயப்பிட வேண்டாம். அது அக்ஸலேற்றர் மிதிக்கேக்க வரும், விட்டாக் குறையும். பெயரிங் சத்தம் மிதிச்சாலும் விட்டாலும் எஞ்சின் சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி அப்பிடியே இருக்கும், கொஞ்சம் கரகரப்பும் சேரும். நீளமான திருப்புளி ஒண்டின்ர நுனியை மூக்கில வைச்சுப் பிடியைக் காதில வையுங்கோ, பிறகு பின் சுவரில வையுங்கோ, எங்க கூடக் கேக்குதோ அங்கதான் ஆள் இருக்கிறார். சட்டைக் கை, தலைமயிர் எல்லாம் பெல்ட்டுக்குக் கிட்டப் போகாமல் பாத்துக் கொள்ளுங்கோ.

மூக்கில எண்டா வீட்டிலயே செய்யலாம். பற்றரி நெகட்டிவ் கழட்டி, சார்ஜரை இறக்கி, வெளியில இருக்கிற புழுதி முழுக்கத் திறக்க முதலே மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கோ, சார்ஜரின்ர வாய் எல்லாம் துணியால அடைச்சுப் போட்டு. முற்றத்தில சோளகக் காத்து அடிக்கேக்க இந்த வேலையைத் துவங்காதேங்கோ, எங்கட செம்புழுதி ஒரு சிட்டிகை உள்ளுக்குப் போனாலும் புதுப் பெயரிங்குக்கு அதுவே காணும்.

ஒயில் மூடியைத் திறந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில வடியுங்கோ. மணம் மூக்கைப் பொத்த வைக்கும், அது கெட்டதால வாற மணம் இல்லை, அந்த ஒயிலே அப்பிடித்தான். கோப்பையைச் சரிச்சு வெயிலுக்குப் பிடிச்சுப் பாருங்கோ. தேன் நிறத்தில தெளிவா இருந்தா நல்லம். கறுத்துத் தண்ணியா இருந்தா வயசு போயிட்டுது. சாம்பல் நிறத்தில, கோப்பையை ஆட்டேக்க மினு மினு எண்டு வெள்ளித் தூள் ஓடினா பெயரிங் உரிஞ்சு கொண்டிருக்கு, காந்தத்தைத் துணியில சுத்தி உள்ளுக்கு விட்டுப் பாருங்கோ. காந்தத்தில ஒட்டினா பெயரிங் இல்லாட்டிக் கியர், ஒட்டாமல் மினுங்கினா அலுமினியம், அப்ப கூடு எங்கயோ அரைபடுது.

புல்லி இருக்கிற இடத்தை வேர்னியரால அளந்து எழுதி வைச்சுப் போட்டுத்தான் இழுக்கோணும். மூண்டு கால் புல்லரை பெல்ட் ஓடுற விளிம்பில கொழுவி இழுத்தா விளிம்பு உடையும், புல்லியைச் சுத்திப் பிடிக்கிற வகைப் புல்லர் வேணும், இல்லாட்டி லேத் கடையில ஒண்டு செய்விக்கலாம். உள்ளுக்குக் கப்ளர் ஊசி இருக்கிற ஹப்பும் இறுக்கமாத்தான் இருக்கும், அதையும் அளந்துதான் இழுக்கிறது. சேர்க்கிளிப் இருந்தா அதைக் கழட்டி, பிறகு பிரஸ்ஸில ஷாஃப்டைத் தள்ளி எடுங்கோ. சுத்தியல் பாவிக்கிறதெண்டா இந்த வேலையைத் துவங்காமல் விடுறது நல்லம்.

இனிப் பெயரிங். பழையதில இருக்கிற நம்பரைத் துடைச்சுப் பாருங்கோ, அதை அப்பிடியே வாங்கோணும், பின்னால வாற எழுத்து உட்பட. உதாரணத்துக்கு 6203 எண்டா துளை 17 மில்லி, வெளி 40, தடிப்பு 12. 6003 எண்டா துளை அதே 17, வெளி 35, தடிப்பு 10. இந்த ரெண்டும் தண்ணி மோட்டருக்குப் போடுறதால கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ எந்தக் கடையிலயும் கிடைக்கும், அங்கதான் வில்லங்கம். தண்ணி மோட்டர் நிமிசத்துக்கு 3000 சுத்துக்கு மேல போறேல்லை. சார்ஜர் அப்பிடி இல்லை, கிராங்க் புல்லியின்ர விட்டத்தைச் சார்ஜர் புல்லியின்ர விட்டத்தால பிரிச்சுப் பாருங்கோ, ரெண்டு மடங்கு வந்தா எஞ்சின் 6000 இல சுத்தேக்க சார்ஜர் 12,000 இல சுத்துது. ரெண்டு பக்கமும் றபர் சீல் முட்டிக் கொண்டிருக்கிற 6203க்குக் கம்பனிக் கட்டலொக்கில குடுக்கிற உச்ச வேகமே கிட்டத்தட்ட 12,000தான். இரும்பு மூடி போட்டது, இல்லாட்டி முட்டாத சீல் உள்ளது இன்னும் நல்லா மேல போகும். ஒயிலில ஓடுற இடத்தில பழையது மூடி இல்லாமல் திறந்து இருந்தா புதுசும் திறந்ததுதான் வேணும், "சீல் இருந்தா நல்லம்தானே" எண்டு கடைக்காரர் சொல்லுவார், அவருக்கு இது எங்க போகுது எண்டு தெரியாது. சி3 எண்டு அடிச்சிருந்தா அதையும் விடாதேங்கோ, குண்டுக்கு உள்ளுக்கு இருக்கிற இடைவெளி கொஞ்சம் கூட எண்டு அர்த்தம், சூட்டில விரிஞ்சு இறுகேக்க அந்த இடம் தேவை.

போலி பெயரிங் எங்கயும் இருக்கு, பேர் போன மார்க் எண்டாத்தான் போலியும் கூட. கொழும்பு பஞ்சிகாவத்தையில வேண்டி பஸ்ஸில போட்டு விடச் சொல்லுற ஆக்கள், பெட்டியையும் பெயரிங்கையும் கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. எழுத்து அழுத்தமா, சீரா, ஒரே ஆழத்தில இருக்கோணும். விரலால தேய்ச்சா மங்கிற எழுத்து, ஒரு பக்கம் பாதி விலை, ரெண்டும் சேர்ந்து வந்தா விட்டுட்டுப் போறது.

பூட்டுறதுக்குப் பிரஸ்ஸை விடச் சூடு நல்லம். வெறும் மூக்குக் கூட்டை மட்டும், சீல் எல்லாம் கழட்டி, நல்லாக் கழுவிக் காய வைச்சு குசினி அவனில 120 பாகைக்கு வையுங்கோ. மண்ணெண்ணெய் ஈரத்தோட வைச்சா நெருப்பு, அதில விளையாட வேண்டாம், மணம் மிஞ்சினா மனிசி பேசுறதும் நியாயம். பெயரிங்கைப் பொலித்தீனில சுத்தி முதல் நாள் இரவே பிரிட்ஜின்ர ஐஸ் பெட்டிக்குள்ள போடுங்கோ. எங்கட 32 பாகையில இருந்து 120க்குப் போகேக்க 40 மில்லி அலுமினியத் துளை கிட்டத்தட்ட 0.08 மில்லி விரியும், பெயரிங் குளிரில 0.02 அளவில சுருங்கும், அந்த வித்தியாசத்துக்கு பெயரிங் தன்ர பாரத்திலயே இறங்கிப் போகும். சரிஞ்சு பிடிச்சா அடிக்காதேங்கோ, எடுத்துத் திரும்பச் சூடாக்கிறது. பிரஸ் பாவிக்க வேண்டி வந்தா ஒண்டு மட்டும் ஞாபகம்: கூட்டுக்குள்ள போகேக்க வெளி வளையத்தில அமத்தோணும், ஷாஃப்டில ஏத்தேக்க உள் வளையத்தில அமத்தோணும். மாறி அமத்தினா அந்தப் பாரம் குண்டுகளுக்குள்ளால போய் ஓடுபாதையில பள்ளம் விழும், கண்ணுக்குத் தெரியாது, ஓடேக்கதான் கேக்கும்.

மூக்கால ஒயில் கசிஞ்சு பொனட்டுக்குக் கீழ தெறிச்சிருக்கு

முன் சீல். பெயரிங் மாத்திறதெண்டா சீலையும் சேத்து மாத்திறதுதான். ஷாஃப்டில சீல் வாய் ஓடின இடத்தை நகத்தால தடவிப் பாருங்கோ, பள்ளம் தட்டுப்பட்டா புதுச் சீலையும் அதே இடத்தில வைச்சுப் பிரயோசனம் இல்லை, இடம் இருந்தா ஒரு மில்லி முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி வைச்சா புதுத் தடத்தில ஓடும். ஒயில் கூட விட்டாலும் சீலைத் தள்ளும், பாதி ஆக்களுக்கு நடக்கிறது இதுதான்.

இன்ரேக் பைப்புக்குள்ள ஒயில் கிடக்கு

மணந்து பாருங்கோ. மேல சொன்ன அந்த நாத்தம் எண்டா றோட்டர் சீலால சார்ஜர் ஒயில் போகுது. கறுப்பா சாதாரண எஞ்சின் ஒயில் மணம் எண்டா அது எஞ்சின் ஆவி போற பிரீதர் பைப்பால வாறது, சார்ஜரில பிழை இல்லை. மெல்லிசா ஒரு படலம் இருக்கிறது எல்லாத்திலயும் இருக்கும், கட்டி நிண்டாத்தான் யோசிக்கோணும்.

இரும்பு உரசுற சத்தம்

இதுக்கு வாகனத்தை அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ. மாங்குளத்தில கேட்டா மாங்குளத்திலயே, கிளிநொச்சி மட்டும் பாத்துப் போவம் எண்டு ஓடினா றோட்டர் போயிடும்.

பின் ஊசிப் பெயரிங் கிறீஸ் காஞ்சு தேஞ்சிருக்கலாம், இல்லாட்டி முன் பெயரிங் ஆடி றோட்டர் சுவரில முட்டியிருக்கலாம். காத்து உள்ளுக்குப் போற வாயால ரோச் அடிச்சுப் பாருங்கோ. றோட்டரின்ர கறுப்புப் பூச்சில நீளத்துக்குச் சின்னச் சின்னக் கீறல் எண்டா அது புழுதி, பில்ரர் ஒழுங்கா இருக்கேல்லை, அதுகும் காலபோக வெட்டு நேரம் பதரும் தூசியும் பில்ரரை அடைச்சு, பைப்பில எங்க வெடிப்பு இருக்கோ அதால இழுத்திருக்கும். ஓட்டலாம், இழுவை கொஞ்சம் குறையும், பூச்சைத் தின்னரால துடைக்கவோ அதுக்கு மேல ஸ்பிரே அடிக்கவோ வேண்டாம். ஒரு இடத்தில மட்டும் பளபளப்பா அலுமினியம் தெரிஞ்சா அது முட்டின இடம்.

முன் தட்டைப் பிரிக்க, கூட்டின்ர காதுகளில மெல்லத் தட்டுங்கோ, இடுக்குக்குள்ள திருப்புளி விட்டுக் கிளப்பினா அந்தக் காயத்தால காத்துப் போகும். தட்டும் றோட்டர் ரெண்டும் ஒண்டா வெளியில வரும். ஊசிப் பெயரிங் இருக்கிறது பின்னால அடைச்ச குழியில, பின்னுக்கிருந்து தட்டி எடுக்க வழியில்லை, உள்ளால விரிஞ்சு பிடிக்கிற புல்லர்தான் வேணும், கூட்டைச் சூடாக்கினா சுகமா வரும். புதுசு போடேக்க பழையது இருந்த ஆழத்தை அளந்து அதே ஆழத்துக்கு, எழுத்து இருக்கிற பக்கத்தில அமத்தி, சூடு தாங்கிற நல்ல கிறீஸை நிரப்பிப் போடுங்கோ. வண்டில் சக்கரத்துக்குப் போடுற கிறீஸ் உருகி ஓடிடும்.

பின் பெயரிங் மட்டும் எண்டா இதோட முடிஞ்சுது. கியருக்குப் பின்னால இருக்கிற றோட்டர் முன் பெயரிங் எண்டா கதை வேற, அதை எடுக்க டைமிங் கியர் ரெண்டையும் இழுக்கோணும். அதுகள் கோணத்தைப் பிடிச்சு வைக்கிற சாவிக் கட்டை ஒண்டும் இல்லாமல் வெறும் இறுக்கத்தில நிக்கிறது, இழுத்தாப் பிறகு எந்தக் கோணத்தில திருப்பி ஏத்திறது எண்டுறதை இரும்பு சொல்லாது, ஒரு பாகை பிசகினாலும் றோட்டர் றோட்டரை அடிக்கும். குறி போட்டு வைக்கலாம்தான், ஆனா குறி கண்ணுக்குச் சரியா இருக்கிறது வேற, இதழ் இடைவெளி ரெண்டு பக்கமும் ஃபீலர் கேஜில ஒரே அளவா வாறது வேற. கியரைப் பிடிச்சு வைக்கிற ஜிக்கும் நல்ல பிரஸ்ஸும் இல்லாட்டி என்ர சொல்லு, இந்தக் கட்டத்தில நிப்பாட்டிப் போட்டு கொழும்பில செய்யிற ஒராளிட்டக் குடுங்கோ, இல்லாட்டி நல்ல நிலையில இருக்கிற பாவிச்ச சார்ஜர் ஒண்டு தேடுங்கோ. முன் பெயரிங்கில ஆட்டம் இல்லை, சுத்தேக்க கரகரப்பு இல்லை எண்டா "திறந்ததுதான் திறந்தாச்சு, அதையும் மாத்துவம்" எண்டு கியரில கை வைக்கவே வேண்டாம்.

சத்தமும் இல்லை, இழுவையும் இல்லை

சார்ஜரைக் கழட்டாதேங்கோ. பைபாஸ் வால்வு திறந்தபடி நிண்டா தள்ளின காத்து சுத்திச் சுத்தித் திரும்ப வாய்க்கே வரும். வக்கூமில வேலை செய்யிற வகையில ஐடிலிங்கில நெம்புகோல் இழுபட்டு நிக்கும், அக்ஸலேற்றரைத் திடீரெண்டு குடுத்தா ஸ்பிரிங் அதைத் திருப்பி மூடோணும். மூடாட்டி வால்வு இறுகிப் போச்சு. பிறகு இன்ரகூலர் பைப் கிளிப், பெல்ட் சறுக்கல். பழைய பென்ஸில காந்தக் கிளச் இருக்கிறதெண்டா பியூஸ், றிலே, வயரில 12 வோல்ட் வருதோ எண்டு பாருங்கோ, கொயில் ஒரு சில ஓம் காட்டோணும், முடிவிலி காட்டினா உள்ளுக்கு அறுந்திட்டுது.

மினியில எஞ்சின் சூடாகுது, தண்ணி நிறைய இருக்கு

இதைச் சார்ஜரோட ஒருத்தரும் முடிச்சுப் போட மாட்டினம், ஆனா அந்த மினியில தண்ணிப் பம்பைச் சுத்திறதே சார்ஜரின்ர பின் பக்கத்துக் கியர்தான். அங்கயும் தனியாக் கொஞ்ச ஒயில் இருக்கு, முன்னுக்கு மாத்திற ஆக்கள் பின்னுக்கு இருக்கிறதை மறந்திடுவினம். அது வத்தினா கியர் தேஞ்சு பம்ப் நிக்கும். மினி சார்ஜரை என்னத்துக்கு இறக்கினாலும் பின் ஒயிலையும் மாத்துங்கோ.

திரும்பப் பூட்டேக்க

இணைப்பு முகங்களில தடிச்ச சிலிக்கன் வேண்டாம், றோட்டரின்ர இடைவெளியை அது கூட்டிப் போடும், பிதுங்கின துண்டு உள்ளுக்கும் விழும். காத்துப் படாமல் இறுகிற மெல்லிய பிளான்ஜ் சீலன்ட், லொக்டைட் 518 வகை, ஒரு மெல்லிய கோடு காணும். ஆறு மில்லி போல்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான், அலுமினியப் புரி, கைப்பலம் காட்ட வேண்டாம். ஒயில் சூப்பர் சார்ஜருக்கெண்டு விக்கிற சின்தற்றிக்தான், ஜிஎம் சின்னப் போத்தலில விக்கிறது 118 மில்லி, கியர் ஒயில் விடாதேங்கோ. சார்ஜரை மட்டமா வைச்சு ஒயில் மூடியின்ர புரிக்குக் கீழ் விளிம்பு வரைக்கும்தான், அதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம்.

வாகனத்தில ஏத்த முதல் கையால பத்துப் பதினைஞ்சு தரம் சுத்துங்கோ, எங்கயாவது ஒரே இடத்தில இறுகினா திரும்பப் பிரிச்சுப் பாக்கோணும். ஏத்தினாப் பிறகு பெல்ட் நேரா ஓடுதோ எண்டு பக்கத்தில நிண்டு பாருங்கோ, புல்லி அரை மில்லி பிசகினாலும் பெல்ட் கீச்சிடும். முதல் கொஞ்ச நாள் பரந்தனில இருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் றோட்டு வெறுமையாக் கிடக்கு எண்டு மிதிக்காமல், சாதாரண ஓட்டம் ஓடிப் போட்டு ஒயில் மூடியைத் திறந்து ஒருக்கா பாருங்கோ. கொஞ்சம் கலங்கல் இருந்தா அது புதுசு படியிறது, அந்த ஒயிலை மாத்தி விட்டாச் சரி. மினு மினுப்பு இருந்தா திரும்ப இறக்கத்தான் வேணும்.